எலிப்பொறிச் சுவரும் எளியோர் இல்லமும்

திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்திற்கும் தம்பானூர் இரயில் நிலையத்திற்கும் அருகே, செங்கல்சூளை என்றோர் இடம் உண்டு. இராஜாஜி நகர் என்று பின்னாளில் அதற்குப் பெயர் சூட்டினர்; ஆயினும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. மலையாளத்தாருக்கும் தமிழராகிய நமக்கும் பொருள் கேளாமலே விளங்கும் பெயர் அது. ஊருக்குச் செங்கல் சுட்ட இடத்தில், செங்கற் சுவருக்கு வழியற்ற உழைப்பாளர் பிற்காலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தனர். அக்குடிசைகளில் ஒரு பகுதிக்கு மாற்றாக அங்கே எழுந்த வீடுகளுள் சில, லாரி பேக்கர் என்னும் கட்டிடக் கலைஞரின் அமைப்பில் உருவானவை. பூச்சு இல்லாத செங்கற் சுவர். அச்சுவரில் வரிசை வரிசையாகத் துளைகள். இத்தகைய சுவரைக் காணும் நம்மவர் பலர், பணம் தீர்ந்து வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டனர் போலும் என்று இரக்கப்படுவதுண்டு. அஃது அவ்வாறன்று. பூசாமல் விட்டது எண்ணித் துணிந்த செயல். துளைகள் வைத்ததும் அவ்வாறே. அந்த எண்ணத்தின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டின் விலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கட்டி முடிக்கும் நாள் வரையிலான செலவையே. குடியேறிய பின் நாள்தோறும் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. அதை எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் காண இயலாது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், இரவில் அவ்வெப்பத்தைக் கீழே படுத்திருப்போர் மீது இறக்குகிறது. வசதியுடையவர் குளிர்பதனப் பெட்டி வாங்கி மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துகிறார். வசதியற்றவர் உறக்கத்தைக் கட்டணமாகச் செலுத்துகிறார்; மறுநாள் வேலைக்குச் செல்லும் உடம்பு அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆகவே எளியவர்க்கு வீடு சமைப்போர் இரண்டு விலைகளையும் ஒருங்கே குறைத்தாக வேண்டும். இவை இரண்டு வேலைகள் என்றும், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும் என்றும் பலர் நம்பியிருந்த காலத்தில், நம் தட்பவெப்பத்தில் இரண்டும் ஒரே வேலைதான் என்று செங்கல்லை வைத்தே காட்டியவர் பேக்கர்.

விடுதலைக்குப் பின் வீட்டுச் சிக்கலை அரசு எண்ணாமல் இருந்துவிடவில்லை. 1947இல் ரூர்க்கியில் மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1954இல் தேசியக் கட்டிட நிறுவனம் அமைந்தது. அதே ஆண்டு புதுதில்லியில் குறைந்த செலவு வீடுகளுக்கென்றே பன்னாட்டுப் பொருட்காட்சி ஒன்றும் நடந்தது. 1970இல் ஹட்கோ என்று சுருக்கமாக வழங்கும் வீட்டுவசதி நகர வளர்ச்சிக் கழகம் பிறந்தது. கேரளத்தில் 1972இல், அச்சுத மேனன் முதலமைச்சராகவும் எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சராகவும் இருந்தபோது, 'இலட்சம் வீடு' திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நூறு வீடு. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே பொதுச் சுவர் ஒன்று. இலக்கில் பாதிக்கு மேல் கட்டியும் முடித்தனர். நிலமற்றோர்க்கு முகவரி தந்த திட்டம் அது. குறைத்து மதிப்பிடத் தகாது. எனினும், எத்தனை வீடு என்னும் கேள்விக்கு அரசு அலுவலகங்கள் விடை சொல்லப் பழகிய அளவுக்கு, எத்தகைய வீடு என்னும் கேள்விக்குப் பழகவில்லை. எண்ணிக்கையைக் கோப்பில் எழுதலாம். அறையின் வெப்பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கோப்புகளோடு வாழும் நமக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

பேக்கர் பிறப்பால் ஆங்கிலேயர். 1917இல் பர்மிங்காம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டிடக் கலை பயின்றார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவராதலின் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவத் தொண்டர் குழுவுடன் சீனம் சென்றார், தொழுநோயாளர்க்குப் பணிபுரிந்தார். நாடு திரும்பும் வழியில், 1943-44 வாக்கில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்க நேர்ந்தபோது காந்தியடிகளைக் காணும் வாய்ப்புப் பெற்றார். துணித் துண்டுகளைக் கொண்டு தாமே தைத்து அவர் அணிந்திருந்த காலணிகள் அடிகளின் கண்ணில் பட்டன என்பர். நல்ல வீடு என்பது அது நிற்கும் இடத்திற்கு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்று அடிகள் கூறிய கருத்து, பேக்கரின் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்து வந்தது. தொடக்கத்தில் அதை ஏட்டளவான இலட்சியமாக எண்ணியதாகவும், அனுபவத்தில்தான் அதன் மெய்ம்மை புலப்பட்டதாகவும் அவரே பின்னாளில் எழுதினார்.

1945இல் தொழுநோய் மருத்துவப் பணிக்கான கட்டிடங்களை அமைக்க இந்தியா வந்தார். கேரளத்து மருத்துவரான எலிசபெத் அம்மையாரை 1948இல் மணந்து, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் பதினைந்து ஆண்டுக் காலம் வாழ்ந்தார். அம்மையார் மருத்துவம் பார்ப்பார். இவர் அதற்குக் கட்டிடம் எழுப்புவார். பர்மிங்காமில் கற்ற பாடங்கள் அம்மலையில் பயன்படவில்லை. கல்லை எப்படி அடுக்கினால் பனிக்காற்று புகாது, மரத்தை எங்கே பொருத்தினால் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்பனவற்றை எழுத்தறியாத கொத்தர்களிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். 1963இல் கேரள மலைப்பகுதியாகிய வாகமண்ணுக்குக் குடிபெயர்ந்தனர். 1960களின் முடிவில் திருவனந்தபுரம் வந்து நாலாஞ்சிறையில் நிலைகொண்டனர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே அவருடைய பெரும்பணி தொடங்கிற்று என்பது, நாற்பதுகளில் இருந்துகொண்டு இனி என்ன செய்யப் போகிறோம் என்று சலித்துக்கொள்ளும் நம்மனையோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1970ஐ ஒட்டிய காலத்தில் திருவனந்தபுரம் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ், ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாயில் வீடு கட்ட இயலுமா என்று பேக்கரிடம் கேட்டார் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். அத்தொகைக்கு அன்றும் எந்த ஒப்பந்தக்காரரும் முன்வந்திருக்க மாட்டார். பேக்கர் ஏற்றுக்கொண்டார். எதைச் சேர்ப்பது என்று தொடங்காமல், எது இல்லாவிட்டால் வீடு விழாது, மழை வராது, மானம் போகாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்குவதே அவர் முறை. இம்முறை வளர்ந்து பல நூறு வீடுகளாக நகரெங்கும் பரவிற்று. அதன் நுட்பங்களுள் சிலவற்றை நாம் சற்று விரிவாகவே பார்த்தல் நலம். ஏனெனில் இவற்றை அறியாமையாலேயே நம்மவர் கொத்தனார் சொன்னதற்கெல்லாம் தலையசைக்கிறோம்.

முதலாவது, சுவர். ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைத்து நெருக்கி அடுக்குவது வழக்கம். பேக்கர் செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். சுவரின் உள்முகத்தில் ஒரு கல், வெளிமுகத்தில் ஒரு கல், நடுவே மூன்று அங்குல வெற்றிடம். இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். மேலிருந்து நோக்கினால் சிறு சிறு பெட்டிகள் தோன்றும். இதனை ஆங்கிலத்தில் 'ராட் டிராப்' கட்டு என்பர். எலிப்பொறிக் கட்டு என்று நாம் சொல்லலாம். மேல்நாட்டில் பழைய முறைதான். இங்கே அதைப் பரப்பியது பேக்கரின் செயல். கணக்கு எளிது: ஓரடி நீளமும் நாலரை அங்குல உயரமும் உள்ள சுவர்ப் பகுதிக்குப் படுக்கைக் கட்டில் நான்கு கல் வேண்டும், எலிப்பொறிக் கட்டில் மூன்று போதும். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். அதற்கேற்பச் சாந்தும் மிச்சம். சுவரின் கனமோ அதே ஒன்பது அங்குலம். நடுவில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே மேற்குச் சுவர் மாலையில் அடுப்பாவதில்லை. மழை ஈரமும் உட்பக்கத்துக்கு எளிதாகத் தாண்டாது. நான்காவது செங்கல்லை வாங்காமல் விட்டதே வெப்பத்துக்குத் தடையாயிற்று! வீட்டின் மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் வெற்றிடம் விடாமல் கட்டிவிட வேண்டும். ஓரம் உடையாத, நன்கு வெந்த கல்லாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் தவறினால் பழி முறையின் மேல் விழும்.

இரண்டாவது, காற்று. ஜன்னலுக்குத் தமிழில் 'காலதர்' என்றொரு பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் ஆளப்பட்ட சொல் அது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளிச்சத்தையும் காட்சியையும் பின்னுக்குத் தள்ளி, காற்றின் வழி என்றே நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடற்கரை நாட்டில் இப்பெயரே கட்டிடக் கலையின் முதற்பாடம். வியர்வை உலர வேண்டுமானால் காற்று உடம்பின்மீது நகர வேண்டும். நகராத காற்று எத்துணைக் குளிர்ந்த சுவருக்குள் இருந்தாலும் புழுங்கவே செய்யும். தில்லியில் பணிபுரிந்து மாற்றலாகி வந்தோர் இவ்வேறுபாட்டை உடம்பாலேயே அறிவர். அங்கே கோடையில் பகல் முழுதும் கதவை அடைத்துக் கனத்த சுவருக்குள் ஒளிந்துகொள்ளலாம். வறண்ட வெப்பம் அது. இங்கே அடைத்தால் மூச்சு முட்டும். ஆகவே நாடு முழுதுக்கும் ஒரே வரைபடம் என்று தலைநகரிலிருந்து அனுப்புவது, கம்பளியையும் கதர்த்துண்டையும் ஒரே அளவில் பங்கிடுவது போன்றதே.

பேக்கர் ஜன்னலைக் கணக்கிட்டுப் பார்த்தார். மரச் சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி, கீல், கொண்டி என்று சேர்ந்து, ஒரு சதுர அடி ஜன்னல் அது நீக்கிய சுவரைப் போலப் பல மடங்கு விலையாகிறது. அவ்விடத்தில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால் என்ன? வடநாட்டில் 'ஜாலி' என்று வழங்கும் சல்லடைச் சுவர் அவ்வாறு வந்தது. (நம் கொத்தனார்கள் இச்சொல்லைக் கேட்டுக் கருங்கல் ஜல்லியோடு மயங்குவதுண்டு.) சல்லடைச் சுவர் பாரத்தையும் தாங்கும், காற்றையும் விடும், நேர்வெயிலைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கூச்சமில்லா வெளிச்சமாக்கும், உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர்க்கு உள்ளே தெரியாது. சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. திறந்து மூட வேண்டிய இடங்களில், மேலும் கீழும் ஒவ்வொரு முளையில் சுழலும் ஒற்றைப் பலகையே ஜன்னலாயிற்று.

இந்தக் கருத்து இம்மண்ணுக்குப் புதியதன்று. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் திருவனந்தபுரத்தில் இருத்தல் அரிது. 1956இல் மாநில எல்லை மாறியபோது கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்குள் வந்தும், கேரள அரசின் பராமரிப்பிலேயே இன்றும் இருக்கும் அரண்மனை அது. அதன் நீண்ட கூடங்களில் மரச் சல்லடைகளின் வழியே வந்து தழுவும் காற்றை நாம் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். மன்னர்க்குத் தச்சர் மரத்தில் செய்ததை, ஏழைக்குக் கொத்தர் செங்கல்லில் செய்தால் என்ன குறை? தம்பானூரில் பேருந்து நிலையத்தருகே வட்டமாகச் சுழன்று ஏறும் இந்தியன் காப்பி ஹவுஸ் கட்டிடமும் பேக்கர் அமைத்ததே. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் அச்சிற்றுண்டிச் சாலையில் ஏறுதளத்தில் அமர்ந்து காப்பி அருந்துவோர், சுவரின் துளைகள் வழியே காற்று வருவதைக் கவனித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, கூரை. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகற் சூரியன் தலைக்கு மேல்தான். எனவே தனி மாடி வீட்டில் வெயிலை மிகுதியாக வாங்குவது கூரையே. நம் பாட்டனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் இதற்கு அழகிய விடை. தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிமிர்த்திப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கடுக்காய் நீர் தெளித்து அடித்து, மேலே தட்டோடு பாவுவர். கனத்தாலும் சுண்ணாம்பாலும் அது வெப்பத்தைத் தாங்கிற்று. தேக்கு எட்டாக் கனியான பின் கான்கிரீட் தளம் வந்தது. நான்கு அங்குல கனம். மலிவு, உறுதி, ஆனால் வெப்பம்.

பேக்கர் கான்கிரீட்டை முற்றும் துறக்கவில்லை. தளத்தின் மேற்பகுதி அமுக்கத்தைத் தாங்குகிறது; கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பி. அக்கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட்டுக்குத் தனி வேலை பெரிதாக இல்லை. அவ்விடத்தில் விலை உயர்ந்த கான்கிரீட்டை ஏன் நிரப்ப வேண்டும்? பழைய வீடுகளை இடிக்கும்போது அள்ளுவாரற்றுக் குவியும் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்துக் கம்பிகளின் இடையே வைத்து, மேலே கான்கிரீட் இட்டார். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து மேற்குக் கடற்கரையெங்கும் பரவிய ஓடு அது. ஒரு நூற்றாண்டு மழை தாங்கிய பின் மீண்டும் ஒரு வாழ்வு பெற்றது. கான்கிரீட்டில் கால் பங்கு அளவு மிச்சம்; தளத்தின் பாரம் குறைவதால் கம்பியிலும் மிச்சம். இரண்டு ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. இங்கும் அதே கதை: நீக்கிய பொருளின் இடத்தில் காற்று வந்து காவல் நிற்கிறது.

வட்ட வீடுகள் பற்றி ஒரு சொல். பேக்கர் வட்டமும் வளைவும் விரும்பியது கலைஞரின் விளையாட்டு என்று பலர் எண்ணினர். நாற்பதுக்குப் பத்து என நீண்ட நானூறு சதுர அடி வீட்டுக்கு நூறு அடி சுவர் வேண்டும்; இருபதுக்கு இருபது சதுரமானால் எண்பது அடி; அதே பரப்பை வட்டமாக்கினால் எழுபத்தொரு அடி போதும். பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆயினும் கட்டிலையும் அலமாரியையும் வட்டச் சுவரில் எங்கே பொருத்துவது என்று இல்லத்தரசியர் கேட்கும் கேள்விக்குக் கணக்கில் விடையில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் ஏழைகளின் வீட்டோடு நின்றிருந்தால், மலிவானது ஏழைக்கு என்னும் முத்திரை விழுந்திருக்கும். 1970களின் முற்பகுதியில் பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் தலைமையில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் எழுந்தபோது, அதன் வளாகம் முழுவதையும் அமைக்கும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. முதலமைச்சர் அச்சுத மேனன் துணை நின்றார். மரங்களை வெட்டாமல், மேட்டைச் சமன் செய்யாமல், சரிவு வளைந்த வழியே சுவரும் வளைந்து சென்றது. பின்னர் அங்கே கணிப்பொறிக் கூடம் வேண்டியிருந்தது. கணிப்பொறிக்குக் குளிர்ச்சி இன்றியமையாதது. பேக்கர் இரட்டைச் சுவர் எழுப்பி, வெளிச்சுவரை வளைந்த செங்கற் சல்லடையாக்கி, வெயில் உட்சுவரைத் தொடாமல் செய்தார். மூவாயிரம் ரூபாய் வீட்டின் அறிவே அங்கும் வேலை செய்தது.

ஆனால், இவ்வளவு தெளிவான முறை ஏன் ஊரெங்கும் வழக்கமாகவில்லை? நம் கருத்தில் இதற்குக் காரணங்கள் கட்டிடத்திற்கு வெளியே உள்ளன. அரசுப் பணிகளுக்கு விலை வீத அட்டவணை ஒன்று உண்டு. அட்டவணையில் இல்லாத வேலையை அளப்பதும் அரிது, தொகை வழங்குவதும் அரிது. பொறியாளர் பலர் எலிப்பொறிச் சுவரின் உறுதியை ஐயுற்றனர். மொத்தச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்று ஊதியம் பெறும் தொழிலில், செலவைக் குறைப்பவர் தம் ஊதியத்தையும் குறைத்துக்கொள்கிறார் என்பதும் வெளிப்படை. இவற்றினும் பெரியது மானம் பற்றிய எண்ணம். குடிசையிலிருந்து வந்தவர் கேட்பது அடுத்த தெரு மாடி வீட்டுக்காரரின் வீட்டைப் போன்றதொரு வீடு. பூசி, வண்ணமடித்து, மேலே தட்டையான கான்கிரீட் தளம். பூசாத செங்கல்லைப் படித்தவர் அழகு என்கின்றனர். ஏழையின் கண்ணுக்கு அது முடிக்கப்படாத வறுமை. இதை அறியாமை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. நாம் முதலில் நம் வீட்டைப் பூசாமல் விட்டிருந்தால், அவரும் விட்டிருப்பார்.

முறையிலும் குறைகள் உண்டு. சல்லடைச் சுவர் காற்றை விடுவது போலவே கொசுவையும் விடும். வலை அடிக்க வேண்டும். சாரல் மழைக்கு அகன்ற இறவாரம் இல்லாவிடில் துளைகள் வழியே தண்ணீர் வரும். எலிப்பொறிக் கட்டுக்குக் கை பழகிய கொத்தனார் தேவை; பொழுதும் சற்று மிகுதியாகும். சிமெண்டு ஆலைக்கும் இரும்பாலைக்கும் போகும் பணத்தைக் கொத்தனார் கைக்கும் சித்தாள் கைக்கும் திருப்புவதே பேக்கரின் விருப்பம். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த 1970களில் அஃது இரட்டை நன்மை. கூலி பன்மடங்கு உயர்ந்துவிட்ட இன்றைய கேரளத்தில், பொருளில் மிச்சமானதில் ஒரு பகுதியைக் கூலி கொண்டுபோய்விடுகிறது. செங்கல்லும் குற்றமற்றதன்று, நெல்வயலின் களிமண்ணைத் தோண்டி, விறகை எரித்துச் சுட்டதே அது. சிமெண்டும் எஃகும் உருவாக எரியும் எரிபொருளையும் சேர்த்தே வீட்டின் ஆற்றல் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் பேக்கர். அதனாலேயே பிற்காலத்தில் சுடாத மண் சுவரைப் பற்றி மிகுதியாக எழுதினார், வரைந்தார். 2008இல் கேரளத்தில் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வயல் மண் எடுப்பது மேலும் அரிதாயிற்று. ஐந்து மைல் சுற்றளவில் எது கிடைக்கும் என்னும் கேள்விக்கு 1970இல் கிடைத்த விடை இன்று மாறிவிட்டது. சில இடங்களில் வெட்டுக்கல். சில இடங்களில் இடித்த கட்டிடத்தின் பழைய செங்கல். சில இடங்களில் அடித்தளம் தோண்டிய மண்ணே.

பேக்கரின் பணி அவரோடு முடிந்துவிடவில்லை. 1985இல் அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் அமைப்பைத் திருச்சூரில் நிறுவினார். 1980களின் நடுவில் கொல்லம் மாவட்ட ஆட்சியராக இருந்த சி.வி. ஆனந்த போஸ் முயற்சியில் 'நிர்மிதி கேந்திரம்' தோன்றிற்று. கொத்தர்க்குப் பயிற்சியும் மக்களுக்கு மலிவான கட்டுமானப் பொருள்களும் தரும் அம்முறையைப் பின்னர் நடுவணரசும் மேற்கொண்டு நாடெங்கும் கட்டிட மையங்களை அமைத்தது. 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பேக்கர், 2007 ஏப்ரல் முதல் நாளில் தம் தொண்ணூறாம் வயதில் திருவனந்தபுரத்திலேயே காலமானார். வாடிக்கையாளர் அனுப்பிய கடித உறைகளின் பின்பக்கத்தில்கூட வரைபடம் தீட்டியவர் அவர்.

அரசுத் திட்டங்களின் பிற்கால வரலாறு நாம் கருதத்தக்கது. 1985இல் இந்திரா ஆவாஸ் திட்டம் வந்தது. 2016இல் அதன் இடத்தில் பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டம் வந்து, வீட்டின் குறைந்த அளவை இருபதிலிருந்து இருபத்தைந்து சதுர மீட்டராக உயர்த்திற்று. அஃதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. அதே ஆண்டு கேரளம் 'லைஃப்' திட்டத்தைத் தொடங்கியது. 2018இல் நடுவணரசின் மின்துறை, குடியிருப்புகள் வெப்பத்தை எவ்வளவு உள்ளே விடலாம் என்று வரையறுக்கும் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் நெறிமுறையை வெளியிட்டது. சுவர் வழியே, ஜன்னல் வழியே, கூரை வழியே எத்துணை வெப்பம் வரலாம் என்று அது எண்ணால் கூறுகிறது. அறையின் வெப்பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முன்னர்க் கேட்டோமே, அக்கட்டம் இறுதியில் படிவத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்நெறிமுறை ஐந்நூறு சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென வகுக்கப்பட்டது. நம்மூர்க் கணக்கில் பன்னிரண்டு சென்டுக்கு மேல். மூன்று சென்டில் வீடு கட்டுபவர் அதன் எல்லைக்குள் வரவில்லை. குளிர்பதனப் பெட்டி வாங்க இயலும் வீட்டுக்கு வெப்ப வரம்பு. வாங்க இயலாத வீட்டுக்கு வரம்பில்லை. பெரிய கட்டிடங்களே மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடுகின்றன, ஆகவே அங்கே தொடங்கினோம் என்று அதற்குக் காரணம் கூறலாம். கணக்குப்படி அது சரியே. ஆனால் மின்சாரத்தைச் செலவிடாதவர் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

நம்மவரில் பலர் அலுவலகத்தில் வீடுகட்டும் முன்பணம் பெற்று, ஊரில் இருந்த சிறு நிலத்தை விற்று, இங்கே நான்கு அல்லது ஐந்து சென்டு மனை வாங்கியவர்கள். வரைபடத்தை மற்றவரிடமிருந்து வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. கொத்தனாரிடம் நாம் கேட்க வேண்டியவை சிலவே: நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமையுமா, மேற்குச் சுவரையாவது எலிப்பொறிக் கட்டாக எழுப்பத் தெரியுமா, தளத்தில் ஓடு வைக்க இயலுமா, எதிரெதிர்ச் சுவர்களில் காற்று வரவும் போகவும் வழி உண்டா. பூச்சை விட மனம் ஒப்பாவிட்டால் முகப்பை மட்டும் பூசிக்கொள்ளலாம். எலிப்பொறிச் சுவரின் உட்காற்றுக்கு அதனால் குறைவொன்றும் நேராது.

நகருக்குக் கிழக்கே உள்ள விளப்பில்சாலையில், பேக்கர் பெயரால் அமைந்த வாழிட ஆய்வு மையம் இருக்கிறது. மண் சுவர், எலிப்பொறிச் சுவர், ஓடு பதித்த தளம், மூங்கில் வேலை ஆகியவற்றை அங்கே கண்ணால் காணலாம்; பயிற்சியும் தருகின்றனர். வீடு கட்டும் எண்ணமுடையோர், ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், தம் கொத்தனாரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கே சென்று வருதல் வேண்டும்.